வயது கேட்ட பெட்டி

ரவாங்கிலிருந்து பேசியவர் முதலில் கோபப்படவில்லை, சிரித்தார்.

"அக்கா, எனக்கு ரெண்டும் பையன். எவனோ ஒருத்தன் போன் பண்ணி, உங்க பொண்ணுக்கு நல்ல வரன் இருக்குன்றான். பொண்ணுக்கு நான் எங்க போறது? பாசார்லயா வாங்குறது?"

சிரித்து முடித்த பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "என் வீட்டு நம்பர அவனுக்கு யார் கொடுத்தா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று நான் போனை வைத்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மோனோரயில் தூண்களுக்குப் பள்ளம் தோண்டும் சத்தமும், மூடினால் கீழேயிருந்து மல்லிகை வாசமும் வரும். திருமண வரன்களை இணையத்தில் பதிவு செய்து தேட வைப்பது எங்கள் தொழில். அங்கே நாங்கள் மூன்று பேர். பணம் போட்டவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிடுவோம். கணினி வேலை முழுவதையும் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்து போன ஒரு பெண் பார்த்தாள். நான் அதற்கு முன்பு ஒரு தமிழ் நாளிதழில் பல வருடங்கள் விளம்பரப் பகுதியிலும் செய்திப் பகுதியிலும் இருந்தவள். பெற்றோர் எழுதி அனுப்பும் விவரங்களைத் திருத்தி, படிக்கும்படி ஆக்குவது என் பொறுப்பு.

நாங்கள் விற்றது ஒரே ஒரு வாக்குறுதி. நீங்கள் சரி என்று சொல்லாமல் உங்கள் வீட்டு எண் வெளியே போகாது. தரகர்களின் தொல்லைக்குப் பயந்துதான் குடும்பங்கள் எங்களிடம் வந்தன. எங்கள் தளத்தில் தேடும் பக்கம் ஒன்றுதான் தொலைபேசி எண்ணைக் காட்டும். எண்ணைக் காட்டலாம் என்று ஒப்புதல் கொடுத்தவர்கள் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். ரவாங்காரர் ஒப்புதல் கொடுக்காதவர்.

அந்த வாரமே சுங்கை பூலோவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். அவருடைய மகளுக்குத் திருமணமாகி மாதங்கள் ஆகியிருந்தன. பதிவை நாங்கள் மூடிவிட்டோம். "மாப்ள வீட்டாளுங்க வந்திருக்கிற நேரத்துல ஒருத்தன் போன் பண்ணி, பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் அமையலயான்னு கேக்குறான். என் நெலமய யோசிச்சிப் பாருங்க" என்றார். அவர் கெட்டிக்காரர். கூப்பிட்டவனின் பெயரையும் ஊரையும் பேச்சுக் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்.

அங்கிள் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. அரை நாளில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆள் கிள்ளானில் கல்யாணத் தரகர். எங்கள் கணினிப் பெண்ணின் சொந்தச் சித்தப்பா.

அவளை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. நான் கேட்க வேண்டும் என்றே திறந்து வைத்தார் என்று நினைக்கிறேன்.

"ஏன் பிள்ளை, உங்கட சித்தப்பா என்ன தொழில் செய்யிறார்?"

"தரகர் வேல, அங்கிள்."

"வேலைக்கு வந்தபோது ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல. அவருக்கும் எங்க வீட்டுக்கும் பேச்சுவார்த்தயே இல்ல. கோயில் கமிட்டி சண்டையில நின்னுபோச்சி."

"நான் உங்கட அப்பாவோட கதைச்சனான். அவரும் அதைத்தான் சொல்லுறார்."

அவள் முகம் மாறியது அப்போதுதான். "எங்கப்பாவுக்கு போன் பண்ணீங்களா? என்னான்னு சொன்னீங்க?"

"நம்பர் வெளியில போகுது, உங்கட தம்பியிட்ட போகுது எண்டு சொன்னன். உண்மைதானே?"

அவள் வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வாரக் கடைசிக்குள் இது எப்படிப் போனது என்று விளக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று அங்கிள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார். வேலை போவதைப் பற்றி அவள் பேசவில்லை. "கிள்ளான்ல எங்க வீட்டுல இந்நேரம் என்ன நடக்குதோ" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அவள் சொன்னதை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் அச்சில் ஏற்றாத இடத்தில் இருந்து வந்தவள் நான். அந்த நாட்களில் அவள் யாருடன் பேசுகிறாள், எப்போது திரையை மாற்றுகிறாள் என்று கவனித்தேன். அவளும் என்னைக் கவனித்தாள். எனக்கும் விளம்பரப் பகுதிக் காலத்திலிருந்து பாதித் தரகர்களைத் தெரியும் அல்லவா? அங்கிள் நாற்காலியை இழுத்து எங்கள் இருவருக்கும் பின்னால் போட்டுக்கொண்டு நாளிதழ் படித்தார். பக்கம் திரும்பும் சத்தம் வெகு நேரத்துக்கு ஒரு முறைதான் கேட்டது.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. திருடுகிறவர் தேர்ந்து எடுப்பார். கல்யாணமாகி மூடிய பதிவை எதற்கு எடுக்க வேண்டும்? ஆண் பிள்ளை வீட்டை எதற்குப் பெண் வீடு என்று நினைக்க வேண்டும்? எங்கள் பதிவுகளை நன்றாகத் தெரிந்த ஒருத்தி கொடுத்திருந்தால் இந்த இரண்டு தவறும் வந்திருக்காது. யாரோ கூடையோடு கவிழ்த்து அள்ளிய மாதிரி இருந்தது.

இதை அவளிடம் சொன்னபோது அவள் முதல் முறையாக என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"அக்கா, அந்தப் பக்கத்த நான் எழுதல. எனக்கு முன்னாடி இருந்தவரு எழுதுனது. வந்த மாசமே அங்கிள்கிட்ட சொன்னேன், இத மாத்தணும்னு. ஓடுற வண்டியில கைய வைக்காதன்னுட்டாரு."

"என்ன மாத்தணும்?"

அவள் விளக்கினாள். தளத்தைக் கட்ட நாங்கள் பயன்படுத்திய ஃப்ரேம்வொர்க்கில், பதிவுகள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸிடம் ஒரு கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம். முன்பிருந்தவர் கேட்ட விதம், கேள்வியின் வார்த்தைகளையும் தேடும் பெட்டியில் ஆள் தட்டியதையும் ஒரே வரியாக ஒட்டி அனுப்புவது. டேட்டாபேஸுக்கு எது நாம் எழுதியது, எது வெளியாள் தட்டியது என்று தெரியாது. மொத்தத்தையும் கட்டளையாகவே படிக்கும். இன்னொரு விதத்தில், கேள்வியை முன்கூட்டியே தயார் செய்து அனுப்ப வேண்டும். ஆள் தட்டியது வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி. டேட்டாபேஸ் அந்த வாக்கியத்தைப் படித்து, புரிந்துகொண்டு, பூட்டி வைத்துவிடும். தட்டியது பிறகு தனியாகப் போகும். அது எதுவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குறியின் இடத்தில்தான் உட்கார முடியும். வாக்கியத்தைத் தொட முடியாது.

எனக்கு இது புரிந்தது, அச்சகத்தால். எழுபதுகளில் நாங்கள் கையால் எழுத்துக் கோத்த காலத்தில் மரண அறிவிப்புகளுக்கு வாக்கியங்களை முன்பே கோத்து, நூல் சுற்றி, தட்டில் வைத்திருப்பார்கள். பெயர், வயது, நல்லடக்க நேரம் ஆகிய இடங்கள் மட்டும் காலி. யார் வந்து என்ன கொடுத்தாலும் அந்த இடங்களுக்குள்தான் போகும். வரி விளம்பரங்கள் அப்படியல்ல. ஆள் எழுதிக் கொடுத்த தாளே கோப்பவர் கைக்குப் போகும். ஒரு முறை பழைய நாற்காலி மேசை விற்க வந்தவர், தன் மனைவிக்கு எழுதிய "மற்றதையெல்லாம் எடுத்துவிடு" என்ற வரியை அழிக்காமல் அதே தாளைக் கொடுத்துவிட்டார். கோப்பவர் அதைத் தனக்கு வந்த உத்தரவு என்று நினைத்து, அந்தப் பத்தியில் கீழே இருந்த விளம்பரங்களை எல்லாம் எடுத்துவிட்டார். மறுநாள் காலை எங்கள் வாசலில் நின்ற கூட்டம் இன்னும் நினைவிருக்கிறது.

"அதேதான்க்கா" என்றாள் அவள். "எழுதிக் கொடுத்த தாள் அப்படியே உள்ள போகுது."

அவள் எழுந்து போய் அங்கிளைக் கூப்பிட்டாள். தேடும் பக்கத்தைத் திறந்து, வயது கேட்கிற பெட்டியில் எண்ணுக்குப் பின்னால் சில குறிகளைத் தட்டினாள். பட்டியல் கொட்டியது. ஒப்புதல் கொடுத்தவர், கொடுக்காதவர், மூடியவர் எல்லாரும் எண்களோடு வந்தார்கள்.

அங்கிள் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"புரோகிராமருக்கு இது தெரியும், அங்கிள்."

"உங்கட சித்தப்பா புரோகிராமரோ?"

"இல்ல."

"அப்ப அவருக்கு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கவேணும். விளங்குதோ?"

அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் காட்டிய பூட்டுடைப்பே அவளுக்கு எதிராகத் திரும்பியது. அங்கிள் கேட்டதில் ஓட்டை இல்லை. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

மறுநாள் நான் விடுப்புச் சொல்லிவிட்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். எங்கே போகிறேன் என்று அவளிடமும் சொல்லவில்லை, அங்கிளிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருவரில் ஒருவர் முன்னாலேயே போன் பண்ணியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

தரகரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நிலையத்திலிருந்து இந்தியக் கடைகள் இருக்கும் தெருவுக்கு நடந்து, ஒரு துணிக்கடையில் கேட்டேன். எதிரே இருந்த சைபர் கஃபேயைக் காட்டினார்கள். பள்ளிப் பையன்கள் சுட்டு விளையாடிக்கொண்டிருந்த கணினிகளுக்கு நடுவில், நெற்றி நிறையத் திருநீறும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஜாதகக் கட்டு.

பெண் பார்க்கிறோம் என்றேன். என் சொந்தத்தில் உண்மையாகவே ஒரு பையன் இருந்தான்.

"வாம்மா, ஒக்காரு. பையனுக்கு என்னா வயசு?"

"இருபத்தொன்பது முடியப் போகுது."

"அப்ப பொண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு. போதுமா?" என்று சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். திரையில் எங்கள் தளம்.

"இது யார்ண்ணே நடத்துறா?" என்று கேட்டேன்.

"எவனோ பிரிக்ஃபீல்ட்ஸ்காரன். நல்ல மனுசன்மா. கேட்டதுக்கு மேலயே கொடுக்கிறான்."

வயது கேட்ட பெட்டியில் அவர் தட்டியதைப் பார்த்தேன். 27 or 28. அவ்வளவுதான். குறிகள் இல்லை, தந்திரம் இல்லை. பெண் வீட்டார் வயதைச் சொல்லும் விதமே அதுதானே. இருபத்தேழு முடிந்து இருபத்தெட்டு நடக்கிறது என்பார்கள். பிறந்த வருடத்தை வைத்து ஒன்று, பிறந்த நாளை வைத்து ஒன்று. கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதைச் சொல்வது என்று முடிவு செய்வார்கள். தரகர்கள் அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். விளம்பரப் பகுதியில் இருந்தபோது நானே அப்படி எத்தனையோ முறை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

பட்டியல் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் மணமகள் என்று தலைப்பு. கீழே ஆண், பெண், மூடியது, மூடாதது எல்லாம் கலந்து.

"பேரு சில சமயம் ஆம்பள பேரா இருக்கும்மா. அப்பன் பேருல போட்டிருப்பானுங்க போல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க அண்ணன் மவளும் இந்த மாதிரி கம்ப்யூட்டர் வேலதான் பாக்குதாம். எங்கன்னு தெரியல. அவங்க வீட்டுல என்கிட்ட பேச மாட்டாங்க."

உண்மையைச் சொன்னாரா? என்னைத் தெரிந்துகொண்டு சொன்னாரா? அவர் கண்கள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு நொடி அதிகம் பார்த்தன. இன்றுவரை எனக்கு அது தீரவில்லை. ஆனால் அவர் தட்டியதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. அதற்கு நான் சாட்சி.

திரும்பி வந்து அங்கிளிடம் நான் எதையும் விவரிக்கவில்லை. விவரித்திருந்தால் நாங்கள் இரண்டு பெண்களும் பேசி வைத்துக்கொண்டோம் என்றிருப்பார். கணினி முன்னால் அவரையே உட்கார வைத்தேன்.

"அங்கிள், ஒரு பொண்ணு தேடுங்க. அவங்க வீட்டுல இருபத்தேழு முடிஞ்சி இருபத்தெட்டு நடக்குதுன்றாங்க. நீங்களே போடுங்க."

அவர் அரசாங்க அலுவலகத்தில் பழகியபடி 27/28 என்று தட்டினார். ஒன்றுமே வரவில்லை. வெறும் பக்கம்.

"பாத்தீங்களோ? பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பின்னால் நின்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அங்கிள், அது இருபத்தேழ இருபத்தெட்டால வகுத்துருச்சி. ஒரு வயசுகூட ஆகாத பொண்ண தேடியிருக்கு."

அவர் திரும்பி அவளை முறைத்தார். ஆனால் அவர் விரல் விசைப்பலகையை விட்டு அகலவில்லை. தான் எழுதியதை இயந்திரம் கணக்காகப் படித்துவிட்டது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இப்ப நடுவுல இருக்கிற கோட்டுக்குப் பதிலா or போடுங்க" என்றேன்.

போட்டார். பட்டியல் கொட்டியது. கீழே இறக்கிக்கொண்டே போனார். மணமகள் என்ற தலைப்புக்குக் கீழே ரவாங்காரரின் மூத்த மகன் வந்தபோது நிறுத்தினார்.

"கிள்ளானில உங்கட சித்தப்பா இதைத்தான் போட்டவரோ?" அவளிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, அங்கிள்."

"நான் பாத்தேன்" என்றேன்.

அவர் என்னையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லாமல் போனதை அவர் மன்னிக்கவில்லை என்று தெரிந்தது.

ஏன் அப்படி நடக்கிறது என்று அவள் சொன்னாள். ஒப்புதல் இருக்க வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், வயது இருபத்தேழாக இருக்க வேண்டும் என்பதோடு ஒட்டிக்கொண்டு, 'அல்லது இருபத்தெட்டு' என்று ஒரு தனி எண் வருகிறது. எதற்கு இருபத்தெட்டு என்று அதில் இல்லை. வெறும் எண்ணை டேட்டாபேஸ் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். 'அல்லது' என்பதற்குப் பின்னால் வருவது ஆமாம் என்றால், முன்னால் போட்ட நிபந்தனை எதுவும் நிற்காது. எல்லாருக்கும் ஆமாம்.

"தயார் செஞ்சி வச்ச கேள்வின்னா அது வாக்கியத்துல ஒட்டாது, அங்கிள். வயசு எடத்துல முழு எண் ஒண்ணுதான் வரலாம்னு கட்டிடுவேன். வேற எது வந்தாலும் திருப்பி அனுப்பிடும்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"இந்தப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம். போன வருசம் கேட்டிருந்தாலும் அதே ஒரு மணி நேரம்தான்."

அவள் எழுதி முடித்ததும் அங்கிள் அந்தப் பெட்டியை விடவில்லை. மதியம் முழுவதும் தட்டினார். 27 or 28 போட்டார். தன் பெயரைப் போட்டார். பிறந்த நட்சத்திரத்தைப் போட்டார். ஒரு வயதை மட்டும் எண்ணில் தரவும் என்ற வரியே திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் 28 என்று மட்டும் போட்டார். ஒப்புதல் கொடுத்த நான்கைந்து பெண் வீடுகள் மட்டும் வந்தன. ஒவ்வொன்றையும் கோப்பில் சரிபார்த்தார். அப்போதும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஒரு பக்கம் சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

"சரி பிள்ளை. நீ இருக்கலாம்" என்றார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "எங்கப்பாவுக்கு போன் பண்ணுங்க, அங்கிள்."

"அது... நீயே வீட்ட போய்ச் சொல்லு."

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்கதானே ஆரம்பிச்சீங்க. இங்க இருந்தே பண்ணுங்க, இப்பவே. இல்லன்னா நான் போறேன்."

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் எண்ணைச் சுழற்றினார். நலம் விசாரித்தார், மழை பற்றிப் பேசினார், பிறகு ஒருவழியாக, "உங்கட மகளில ஒரு பிழையும் இல்லை, அதைச் சொல்லத்தான் எடுத்தனான்" என்றார்.

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அங்கிள் நெற்றியைத் தடவினார். "இல்லை, உங்கட தம்பியும் களவெடுக்கேல்லை. வயசு கேட்டிருக்கிறார்... இல்லையில்லை, உங்கட மகளின்ர வயசில்லை." பிறகு மரண அறிவிப்பு, கோத்து வைத்த வாக்கியம், காலி இடம் என்று, அன்று காலை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கினார். நடுவில், "ஆரும் சாகேல்லை, ஐயா" என்று ஒரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டி வந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அப்பா கேட்ட கேள்வி, ரிசீவருக்கு வெளியே எங்கள் இருவருக்கும் கேட்டது.

"அதெல்லாம் சரிங்க. ஆனா என் தம்பிக்கு நம்பர கொடுத்தது யாரு?"

அவள் அங்கிள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"அப்பா, யாரும் கொடுக்கல. சித்தப்பா கேட்டாரு, அது கொடுத்திருச்சி. இனிமே கொடுக்காது."

அப்பா ஏதோ சொன்னார். அவள் "ம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

"என்ன சொன்னார்?" என்றார் அங்கிள்.

"ராத்திரி சாப்பாட்டுக்குள்ள வீட்டுக்கு வரச் சொன்னாரு. அம்மாவ பக்கத்துல வச்சிக்கிட்டு, நம்பர யாரு கொடுத்தான்னு என்கிட்ட மறுபடி கேக்கணும்னாரு."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, தன் கணினியில் அடுத்த பக்கத்தைத் திறந்து, முன்பிருந்தவர் ஒட்டி எழுதிய ஒரு வரியைத் திரையில் வெளிச்சமாக்கி, அங்கிள் பார்க்கும்படி அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

அங்கிள் நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.